தேய்ந்த பற்களும் முக உயரமும்: கடிப்பை உயர்த்தும் முன் என்ன, எந்த வரிசையில் அளக்க வேண்டும்?

முன்பற்கள் பாதியாகத் தேய்ந்த ஒருவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால், பயிற்சி டாக்டர்களில் பலர் கேஸ் ஷீட்டில் முதலில் எழுதும் வரி: "கடிப்பு உயரம் குறைந்துள்ளது. உயர்த்திக் கட்ட வேண்டும்." வாயைத் திறந்து பார்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. டைவைடர் டிரேயிலேயே கிடக்கும்.

அந்த வரி பல நேரங்களில் தவறு. பல் தேயத் தேய, அதைத் தாங்கும் எலும்போடு சேர்ந்து மெல்ல எழும்பியும் வருகிறது. தேய்ந்த அளவும் எழும்பிய அளவும் ஏறக்குறையச் சமமாக இருந்தால், பல் 4 மி.மீ. குட்டையாகியிருக்கும், முகமோ துளியும் குறைந்திருக்காது. அந்த முகத்தை "மீட்கிறேன்" என்று 4 மி.மீ. உயர்த்தினால், இழக்காத ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். அதைச் சுமக்கப்போவது நோயாளியின் தசைகளும் உதடுகளும்தான்.

இந்த வழிகாட்டி பல் மருத்துவப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் புதிதாக கிளினிக் தொடங்கியவர்களுக்கும். இரண்டு சொற்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பற்கள் முழுதாகக் கடித்திருக்கும்போது மூக்கில் வைக்கும் ஒரு புள்ளிக்கும் தாடையில் வைக்கும் ஒரு புள்ளிக்கும் உள்ள தூரம் கடிப்பு உயரம். தாடை தளர்ந்து, பற்கள் தொடாமல், உதடுகள் மட்டும் மெல்லத் தொட்டிருக்கும்போது உள்ள தூரம் ஓய்வு உயரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஓய்வு இடைவெளி, நாம் வழக்கமாகச் சொல்லும் ஃப்ரீவே ஸ்பேஸ்.

1. ஆள் உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வெர்னியர் காலிப்பர் அல்லது டைவைடரும் ஸ்கேலும், வில்லிஸ் கேஜ் (மூக்கடியிலிருந்து தாடையடி வரை அளக்கும் கருவி), மார்க்கர் பேனா, மைக்ரோபோர் டேப், பெரியோ புரோப் (ஈறுக்குள் விட்டு அளக்கும் மெல்லிய கம்பி), அச்சு எடுக்க அல்ஜினேட், அதை வார்க்க டென்டல் ஸ்டோன், லீஃப் கேஜ் (பற்களுக்கிடையே வைக்கும் மெல்லிய தகடுகளின் அடுக்கு), பைட் மெழுகு, ஃபேஸ்போ (மேல்தாடை தாடை மூட்டுக்கு எங்கே இருக்கிறது என்று பதியும் சட்டம்), செமி அட்ஜஸ்டபிள் ஆர்ட்டிகுலேட்டர் (அச்சுகளை ஏற்றித் தாடை அசைவைக் காட்டும் கருவி), கேமரா, கன்னத்தை விலக்கும் ரிட்ராக்டர்.

இதோடு நோயாளியிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும்: "அடுத்த முறை வரும்போது இருபது, இருபத்தைந்து வயதில் எடுத்த போட்டோ ஏதாவது கொண்டு வாருங்கள்." இதை மறந்தால் 7-ஆம் படியில் வேலை நின்றுவிடும், அவர் இன்னொரு நாள் பஸ் ஏறி வர வேண்டியிருக்கும்.

நாற்காலியைச் சாய்க்காதீர்கள். சாய்ந்த நிலையில் கீழ்த்தாடை பின்னால் விழும், ஓய்வு உயரம் மாறும். முதுகு நேராக, தலை எதிலும் சாயாமல், பார்வை எதிர்ச்சுவரில். எல்லா அளவும் இந்த ஒரே நிலையில்தான்.

2. காரணத்தைக் கேட்காமல் அளக்கத் தொடங்காதீர்கள்

உயரம் குறைந்ததா என்ற கேள்விக்கு, தேய்மானம் எவ்வளவு வேகமாக நடந்தது என்பது பாதி விடை. எலும்பும் பல்லும் எழும்பி ஈடுகட்ட நேரம் வேண்டும். மெல்லத் தேயும் பல்லுக்கு அந்த நேரம் கிடைக்கிறது. அமிலத்தில் கரையும் பல்லுக்குப் பல நேரம் கிடைப்பதில்லை.

இயல்பான மெல்லுதலில் கடைவாய்ப் பல்லின் எனாமல் ஆண்டுக்குச் சுமார் 29 மைக்ரானும், முன்கடைவாய்ப் பல்லில் சுமார் 15 மைக்ரானும் தேய்வதாக 1989-இல் வந்த லாம்ப்ரெக்ட்ஸ் குழுவின் அளவீடு சொல்கிறது. முப்பது ஆண்டுக்குக் கணக்குப் போட்டாலும் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு 1 மி.மீ. எட்டாது. அதற்கு மேல் தேய்ந்திருந்தால் வேறு ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

தேய்ந்த பரப்பே காரணத்தைச் சொல்லிவிடும். தட்டையாக, பளபளப்பாக, எதிர்ப் பல்லோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்தினால் பல்லோடு பல் உரசிய தேய்வு. கூர் முனைகளில் குழி விழுந்து, பழைய அடைப்பு மட்டும் தீவு போல உயர்ந்து நின்றால் அமிலம். மேல் முன்பற்களின் உட்புறம் மட்டும் கரைந்திருந்தால் வயிற்றிலிருந்து வரும் அமிலத்தைச் சந்தேகியுங்கள். ஈறோரத்தில் ஆப்பு வடிவ வெட்டு இருந்தால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம். உமிக்கரி, செங்கல் பொடி, கரடுமுரடான பல்பொடி இன்னும் வழக்கொழியவில்லை. வெற்றிலை பாக்கு மெல்பவர்களின் தேய்வு கறையோடு பரவலாக இருக்கும்.

"நெஞ்செரிச்சல் உண்டா" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "காலையில் எழுந்ததும் வாய் புளிக்குமா, ராத்திரி தூங்கும்போது புளிப்பு மேலே ஏறுமா" என்று கேளுங்கள். வாந்தி, கர்ப்பகால வாந்தி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம், வாயை உலர்த்தும் மாத்திரைகள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூடப் படுப்பவரிடம் "ராத்திரி பல்லைக் கடிப்பாரா" என்று கேட்பதும் இதில் சேரும்.

அமிலம் இன்னும் வந்துகொண்டிருந்தால் உயரத்தைப் பற்றிய பேச்சே இப்போது வேண்டாம். முதலில் அதை நிறுத்த வழி செய்யுங்கள். அச்சு எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் அச்சோடு ஒப்பிட்டால் தேய்வு நின்றதா என்று தெரியும்.

3. தேய்மானத்துக்கு மதிப்பெண் போடுங்கள். ஆனால் அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடாதீர்கள்

2008-இல் வந்த பிஇடபிள்யூஇ (BEWE) என்ற தேய்மான மதிப்பீட்டு முறை எளிது. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான பரப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். பரப்பில் பாதிக்குக் குறைவாக இழப்பு என்றால் 2, பாதியோ அதற்கு மேலோ என்றால் 3. ஆறையும் கூட்டினால் மொத்தம் 18-க்கு எவ்வளவு என்று வரும்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். 16 மதிப்பெண் என்றால் முகம் மிகவும் குறைந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த எண் பல்லின் இழப்பை மட்டும்தான் சொல்கிறது. முகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

மேல் நடுப்பல்லின் அகலத்தையும் நீளத்தையும் காலிப்பரால் அளந்து எழுதுங்கள். நுனி தேய்ந்தாலும் அகலம் பெரிதாக மாறுவதில்லை. அகலம் நீளத்தில் சுமார் 75 முதல் 80 சதவீதம் இருக்கும் என்ற விகிதத்தை வைத்து, பல் முன்பு எவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். அகலம் 8.5 மி.மீ. என்றால் நீளம் 10.6 முதல் 11.3 வரை இருந்திருக்கும். இப்போது 6 மி.மீ. தான் இருக்கிறது என்றால் இழப்பு கிட்டத்தட்ட 5.

4. ஈறு விளிம்பைப் பாருங்கள்

எல்லோரும் பல்லின் நுனியையே பார்க்கிறார்கள். விடை பெரும்பாலும் மறுமுனையில் இருக்கிறது.

தேயாத வாயில், மேல் நடுப்பல்லின் ஈறு விளிம்பும் கோரைப்பல்லின் ஈறு விளிம்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். இடையில் உள்ள பக்கப்பல்லின் விளிம்பு சற்றுக் கீழே. நடுப்பற்கள் தேய்ந்து, அவற்றின் ஈறு விளிம்பு மட்டும் கோரைப்பல்லின் மட்டத்தைவிட நுனிப்பக்கம் இறங்கி வந்திருந்தால், பல் எலும்போடும் ஈறோடும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. ஈடுகட்டல் நடந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் நாற்காலியில் கிடைக்காது. எல்லாப் பற்களும் ஒன்றாகத் தேய்ந்திருந்தால் விளிம்புகளும் ஒன்றாகவே இறங்கியிருக்கும். அப்போது கோரைப்பல்லோடு ஒப்பிடுவது உதவாது; சிரிக்கச் சொன்னால் குட்டைப் பற்களுக்கு மேல் ஈறு அகலமாகத் தெரியும், அதைக் கவனியுங்கள்.

ஒரு குழப்பம் இருக்கிறது. பல் முழுதாக முளைத்தும் ஈறு பின்வாங்காமல் மூடிக்கொண்டிருப்பதாலும் பல் குட்டையாகத் தெரியலாம். புரோபை ஈறுக்குள் விட்டு எனாமல் முடியும் கோட்டைத் தடவிப் பாருங்கள். அது ஈறு விளிம்புக்குப் பக்கத்திலேயே அகப்பட்டால் பல் உண்மையாகவே இறங்கி வந்தது. ஈறுக்கு வெகு ஆழத்தில் இருந்தால் ஈறுதான் மூடியிருக்கிறது. சிறு எக்ஸ்ரேயிலும் பார்க்கலாம்: எனாமல் கோட்டுக்கும் எலும்பு முகட்டுக்கும் வழக்கமான 2 மி.மீ. அளவே தூரம் இருந்தால், பல் தனியாக வரவில்லை, எலும்பும் கூடவே வந்திருக்கிறது.

ஒரே மாதத்தில் எங்களிடம் வந்த இருவரைச் சொல்கிறேன். கடைசி வரை இவர்களை வைத்தே விளக்குகிறேன். ஒருவர் இருபது ஆண்டுக்கும் மேலாகக் கல் குவாரியில் வேலை பார்த்தவர். கல்தூசு வாயில் சேர்ந்து, எல்லாப் பற்களும் வெட்டிவிட்டது போலத் தட்டையாகத் தேய்ந்திருந்தன. கடைவாய்ப் பற்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. இன்னொருவர் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஓர் அம்மா. நெடுநாள் அமிலத் தொல்லை. கீழ்க்கடைவாய்ப் பற்களை எடுத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகியும் மாற்றுப் பல் கட்டவில்லை. முன்பற்களின் போட்டோவை மட்டும் பார்த்தால் இருவரையும் வேறுபடுத்த முடியாது. பார்த்த மூன்று பயிற்சி டாக்டர்களும் இருவருக்கும் ஒரே திட்டத்தைத்தான் எழுதினார்கள். குவாரிக்காரரின் ஈறு விளிம்பு நன்றாக இறங்கி, எலும்பும் தடித்திருந்தது. அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை.

5. ஓய்வு உயரத்தையும் கடிப்பு உயரத்தையும் அளப்பது

மூக்கின் நுனியில் ஒரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி. நேராகத் தோலில் வைக்காமல் சிறு மைக்ரோபோர் துண்டு ஒட்டி அதில் வையுங்கள். வியர்வையில் அழியாது, பேனா முனை தோலை இழுக்கவும் செய்யாது. தாடைப் புள்ளியை உதட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வைக்காதீர்கள். உதட்டை மூட முயலும்போது அங்குள்ள தசை சுருங்கித் தோலை மேலே இழுக்கும். உங்கள் புள்ளி 2 மி.மீ. நகர்ந்துவிடும். எலும்பு தட்டுப்படும் இடத்தில், தாடையின் முன்முனையில் வையுங்கள். தாடி இருந்தால் வில்லிஸ் கேஜே நல்லது. ஆனால் அதன் கீழ்க்கையை அழுத்தினால் தாடையடிச் சதை அமுங்கி உயரம் குறைவாகக் காட்டும். தொட்டும் தொடாமலும் நிறுத்த வேண்டும்.

முதலில் ஓய்வு உயரம், பிறகுதான் கடிப்பு உயரம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. "கடியுங்கள்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், தான் ஏதோ சரியாகச் செய்ய வேண்டும் என்ற இறுக்கம் நோயாளியின் தாடைக்கு வந்துவிடும். அதன்பின் ஓய்வு கிடைப்பது கஷ்டம்.

உதட்டை நாக்கால் நனைத்து, எச்சிலை விழுங்கி, தளர்ந்து உட்காரச் சொல்லுங்கள். "அம்மா" என்று மெதுவாகச் சொல்லி "ம்" எழுத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். உதடுகள் தொட்ட அந்த நொடியில் அளவெடுங்கள். ஐந்து முறை எடுத்து, விலகி நிற்கும் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எழுதுங்கள். ஒரே முறை அளந்து எழுதிய எண்ணை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஓய்வு நிலை என்பது கல்லில் பொறித்த புள்ளி அல்ல, அது ஒரு சிறு எல்லைக்குள் அசைந்துகொண்டே இருக்கும்.

குவாரிக்காரருக்கு ஓய்வு 68, கடிப்பு 65: இடைவெளி 3 மி.மீ. அந்த அம்மாவுக்கு ஓய்வு 66, கடிப்பு 59: இடைவெளி 7. வழக்கமான இடைவெளி 2 முதல் 4 மி.மீ. முதலாமவருக்கு உயரம் குறைந்ததற்குச் சான்று இல்லை. இரண்டாமவருக்குக் குறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது.

சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். கடிப்பு உயரம் மெல்லக் குறையும்போது தசைகளும் பழகிக்கொண்டு ஓய்வு உயரமும் கூடவே இறங்கக்கூடும். அப்போது இடைவெளி 3 மி.மீ. என்று காட்டும், உயரமோ உண்மையில் குறைந்திருக்கும். இரவில் பல்லைக் கடிப்பவர்களின் தசை இறுகியிருப்பதால் இடைவெளி இன்னும் சிறிதாகத் தெரியும். வாயால் மூச்சு விடுபவருக்கு எதிர்மாறாகப் பெரிதாகத் தெரியும். இடைவெளி பெரிதாக இருப்பது ஒரு தடயம். இயல்பாக இருப்பது நிரூபணம் ஆகாது. அடுத்த படிகள் இதற்காகத்தான்.

6. பேசச் சொல்லிக் கேளுங்கள்

"ஸ்" ஒலியை எழுப்பும்போது மேல் கீழ்ப் பற்கள் மிக நெருங்கி வரும், ஆனால் தொடாது. அந்த நெருக்க இடைவெளி பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. 1953-இல் சில்வர்மன் இதையே உயரம் அளக்கும் முறையாக முன்வைத்தார். ஓய்வு நிலையைப் போல நோயாளியின் மனநிலைக்கு ஏற்ப இது அவ்வளவாக அலைவதில்லை.

ஆங்கிலப் பாடநூலில் உள்ளபடி அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணச் சொல்வார்கள். அதையே தமிழில் "அறுபத்தொன்று, அறுபத்திரண்டு" என்று எண்ணவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் "ஸ்" எங்கே இருக்கிறது? "பஸ் ஸ்டாண்ட்", "ஆஸ்பத்திரி", "ஐஸ்", "சைஸ்" என்று சொல்லச் சொல்லுங்கள். "சாப்பாடு" போன்ற சொற்கள் வேண்டாம். சகரத்தைச் சிலர் "ஸ" என்றும் சிலர் "ச்ச" என்றும் ஒலிப்பதால் அளவு மாறும்.

பக்கவாட்டிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பற்களுக்கிடையே 4, 5 மி.மீ. தெரிந்தால் உயர்த்த இடம் இருக்கிறது. 1 மி.மீ. தான் தெரிந்தால் கவனம் தேவை: நீங்கள் உயர்த்தியபின் "பஸ்" என்னும்போது பற்கள் மோதிக்கொள்ளும். கீழ்த்தாடையை முன்னால் நீட்டிப் பேசுகிறாரா என்பதையும் பாருங்கள். அப்படி நீட்டினால் இந்த அளவு பொய்.

7. பழைய போட்டோவிலிருந்து ஒரு கணக்கு

கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட், வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த போட்டோ என எதுவும் ஆகும். முகம் நேராக இருக்க வேண்டும், கண்மணிகள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கிடையே உள்ள தூரம் நடைமுறையில் மாறுவதில்லை. போட்டோவில் அந்தத் தூரம் 21 மி.மீ., நேரில் 63 மி.மீ. என்றால் போட்டோ மூன்றில் ஒரு பங்கு அளவு. போட்டோவில் மூக்கடியிலிருந்து தாடை வரை 22.5 மி.மீ. இருந்தால், அன்று முகத்தில் அது 67.5 மி.மீ. நேரில் அளக்கும்போதும் அதே மூக்கடியிலிருந்து அளக்க வேண்டும்; 5-ஆம் படியில் மூக்கு நுனியில் புள்ளி வைத்து எடுத்த எண்ணை இதோடு ஒப்பிட்டால் கணக்கு குட்டிச்சுவர்.

இன்னொரு பிழை, எந்த உயரத்தோடு ஒப்பிடுவது என்பதில். போட்டோவுக்கு நிற்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதில்லை. உதடு மூடி அமைதியாக நிற்கும் படம் ஓய்வு உயரத்துக்கு அருகில் இருக்கும், ஆகவே இன்றைய ஓய்வு உயரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். சிரிக்கும் படத்தில் தாடை திறந்திருக்கும்; அதை உயரக் கணக்குக்கு எடுக்காதீர்கள். ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம், அன்று எவ்வளவு பல் தெரிந்தது என்பதை அது மட்டுமே சொல்லும்.

8. பக்கவாட்டு செஃபலோகிராம்: அந்த முகம் பிறவியிலேயே குட்டையா?

இது தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே. மூக்கும் நெற்றியும் சேரும் எலும்புப் புள்ளியிலிருந்து தாடையின் அடிப்புள்ளி வரை முழு முன்முக உயரம். மூக்கடி எலும்பு முள்ளிலிருந்து தாடையடி வரை கீழ்முக உயரம். கீழ்முகம் முழு உயரத்தில் சுமார் 55 சதவீதம் இருக்கும். பற்கள் முழுதாகக் கடித்த நிலையில் படம் எடுக்கப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். விகிதமாகப் பார்ப்பதால் எக்ஸ்ரேயின் உருப்பெருக்கம் இங்கே தொல்லை தராது, மி.மீ. கணக்கில் எழுதப் போனால் ஸ்கேலைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

விகிதம் குறைவாக வந்தவுடன் "தேய்ந்ததால் குறைந்தது" என்று எழுதாதீர்கள். கீழ்த்தாடைத் தளத்தின் சாய்வைப் பாருங்கள். அந்தச் சாய்வைச் சொல்லும் எஃப்எம்ஏ கோணம் வழக்கமாக 25 டிகிரிக்கு அருகில். அது 20-க்கும் கீழே இறங்கி, தாடைக் கோணம் சதுரமாக, கன்னத்தில் உள்ள மாசெட்டர் என்ற மெல்லும் தசை தடித்திருந்தால், அந்த முகம் வளர்ந்த விதமே குட்டை. அப்படிப்பட்டவர்களின் கடி வலுவானது. குட்டை முகமும் தேய்ந்த பல்லும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதைப் பார்த்து, இரண்டாவதுதான் முதலாவதை உண்டாக்கியது என்று முடிவு கட்டினால் மாட்டுக்கு முன்னால் வண்டியைக் கட்டியது போலாகும்.

வயது மட்டுமே முகத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. பற்கள் இருக்கும் பெரியவர்களில் முன்முக உயரம் வயதோடு சிறிதளவு கூடுவதைத்தான் நெடுங்கால செஃபலோகிராம் ஆய்வுகள் காட்டின. வாயோரச் சுருக்கம், மெலிந்த உதடு, ஓரப்புண் ஆகியவை உயரம் குறைந்தாலும் வரும், சும்மா வயதானாலும் வரும். அவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

9. அச்சுகளை ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றுங்கள்

ஃபேஸ்போ இல்லாமல் ஏற்றினால் இந்தப் படி வீண். கடிப்பு உயரத்தை மாற்றும்போது கீழ்த்தாடை கீல் போலச் சுழல்கிறது. ஆர்ட்டிகுலேட்டரின் கீல் நோயாளியின் கீல் இருக்கும் இடத்தில் இல்லாவிட்டால், லேபில் சரியாகப் பொருந்திய கடி வாயில் பொருந்தாது.

லீஃப் கேஜை முன்பற்களுக்கிடையே வைத்துப் பத்து பதினைந்து நிமிடம் கடிக்கவிட்டு, பழகிப்போன கடியைத் தசை மறந்தபின் தாடையின் பின்னிலையை மெழுகில் பதியுங்கள். தேய்ந்த பல்லுள்ள பலர், முன்பற்கள் சந்திப்பதற்காகத் தாடையை முன்னால் தள்ளிக் கடிக்கப் பழகியிருப்பார்கள். பின்னிலையில் ஏற்றிப் பார்க்கும்போதே முன்பற்களுக்கிடையே வேண்டிய இடம் கிடைத்துவிடுவது உண்டு. அப்படிக் கிடைத்தால் உயர்த்தும் வேலையே மிச்சம்.

10. மூன்றில் எந்த வகை?

1984-இல் டர்னரும் மிஸ்ஸிர்லியனும் பிரித்த முறை இன்றும் கைகொடுக்கிறது. ஒன்று, தேய்ந்து உயரமும் குறைந்தவர்கள். இரண்டு, தேய்ந்தும் உயரம் குறையாதவர்கள், ஆனால் பல் கட்ட இடம் இருப்பவர்கள். மூன்று, உயரமும் குறையவில்லை, இடமும் இல்லை.

அந்த அம்மா முதல் வகை. பின்தாங்கல், அதாவது கடைவாய்ப் பற்களின் தாங்கல், இழந்தவர்கள் பெரும்பாலும் இங்கே வருகிறார்கள், ஆகவே கடைவாய்ப் பற்களை எண்ணுவதே ஒரு பாதி பரிசோதனை. குவாரிக்காரர் மூன்றாம் வகை, கையாளக் கடினமான வகை. இதில் ஈறு விளிம்பை அறுவையால் உயர்த்துவது, கம்பி கட்டிப் பல்லை உள்ளே தள்ளுவது, அல்லது குறையாத உயரத்தையும் இடத்துக்காகச் சிறிது கூட்டுவது என்று வழிகள் உண்டு. "சும்மா இருப்பது" என்ற வழியும் உண்டு, அதையும் எழுதுங்கள். அவருக்குப் பல் கூச்சமே தொல்லை; அழகைப் பற்றிக் கவலை இல்லை. கூசும் இடங்களில் காம்போசிட் (பல்நிற அடைப்புப் பொருள்) வைத்து, இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் கார்டு கொடுத்து, வேலையில் முகக்கவசம் போட வைத்தோம். அவ்வளவுதான்.

11. எவ்வளவு உயர்த்துவது

பல் கட்டத் தேவையான மிகக் குறைந்த அளவு. இழந்த உயரம் முழுவதையும் திருப்பிக் கொடுப்பது குறிக்கோள் அல்ல. முன்பல்லில் 5 மி.மீ. வரை கூட்டுவதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று 2012-இல் வந்த ஒரு மதிப்பாய்வு சொல்கிறது. அதை எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள், இலக்காக அல்ல.

கடைவாயில் 1 மி.மீ. திறந்தால் முன்பல்லில் ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ. திறக்கும். ஆர்ட்டிகுலேட்டரில் உயரத்தைப் பிடித்து நிற்கும் கம்பி (இன்சிசல் பின்) முன்பற்களைவிட இன்னும் முன்னால் இருப்பதால் அதில் தெரியும் எண் இன்னும் பெரிது. அந்தக் கம்பியில் 5 என்று பார்த்துவிட்டு முன்பல்லில் 5 கூட்டியதாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அச்சில் பற்களுக்கிடையே நேராக அளந்து பாருங்கள்.

தாடை திறக்கும்போது கீழேயும் பின்னேயும் சுழலும். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் முன்பின் தூரம் கூடும், முகம் நீளும். குட்டை முகத்துக்கு இது நன்மை. ஏற்கெனவே நீண்ட முகம், உதடுகளை முயன்றுதான் மூடுகிறார் என்றால் 2 மி.மீ. கூட அதிகம். படிப்பு முடித்த புதிதில் அப்படி ஒருவருக்குச் சோதனை இல்லாமல் உயர்த்தினேன். பற்கள் அழகாக அமைந்தன. உதடு மட்டும் மூடவில்லை. தூங்கி எழுந்தால் வாய் காய்ந்துவிடுகிறது என்று அவர் திரும்பத் திரும்ப வந்தார். எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து செய்தேன். 8-ஆம் படியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அவர்தான் காரணம்.

12. சோதனைக் காலம்

பற்களின் மேல் கழற்றி மாட்டும் உறையான ஸ்ப்ளின்ட்டை மட்டும் நம்பாதீர்கள். சாப்பிடும்போது கழற்றுவார்கள், வெளியே போகும்போது கழற்றுவார்கள். அதன் தடிமனால் வரும் பேச்சுத் தடுமாற்றத்தை, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தவறாகப் படிக்கவும் வாய்ப்பு உண்டு. மெழுகில் வடிவமைத்து, அந்த வடிவத்தைக் காம்போசிட்டிலோ தற்காலிகக் க்ரௌனிலோ ஒட்டிவிடுவதே மேல். நான் இரண்டு முதல் மூன்று மாதம் விடுகிறேன்.

அந்த அம்மாவுக்கு முன்பல்லில் 4 மி.மீ. கூட்டி, கீழ்க்கடைவாய்ப் பற்களுக்கு அதே நாளில் தற்காலிகப் பகுதிப் பல்செட் கொடுத்தோம். பின்தாங்கல் இல்லாமல் முன்பற்களை மட்டும் உயர்த்தினால் கட்டியதெல்லாம் உடையும்.

ஒவ்வொரு முறை வரும்போதும் கேளுங்கள்: காலையில் தாடை வலிக்கிறதா, பேசும்போது பல் "டக்"கென்று மோதுகிறதா, விழுங்கச் சிரமமா. முதல் இரண்டு வாரம் சிறிது வலி இயல்பு. அது குறையாமல் நீடித்தால் 1 மி.மீ. இறக்குங்கள்.

13. முன்பற்கள் மட்டும் தேய்ந்திருந்தால்

பல் எழும்பி ஈடுகட்டும் அதே இயல்பை இங்கே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். 1975-இல் டால் குழுவினர் கோபால்ட் குரோம் தகடு ஒன்றை மேல் முன்பற்களின் உட்புறம் வைத்துக் கடைவாய்ப் பற்களைத் திறந்துவிட்டார்கள். சில மாதங்களில் முன்பற்கள் சற்று உள்ளே போயின, கடைவாய்ப் பற்கள் எழும்பி மீண்டும் சந்தித்தன. இன்று அதைக் காம்போசிட்டிலேயே செய்கிறோம்.

கடைவாய்ப் பற்கள் சந்திக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். "பின்னால் பல் படவே இல்லையே டாக்டர்" என்று மறுநாளே போன் வரும். முன்கூட்டியே சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுங்கள். பின்னால் இம்பிளான்ட் இருந்தால் இதைத் தொடங்காதீர்கள், அது எழும்பாது. எலும்போடு ஒட்டிப்போன பல்லும் எழும்பாது. பல பற்களைச் சேர்த்துக் கட்டிய பிரிட்ஜ் இருந்தாலும் யோசியுங்கள்.

14. முடித்த பின்

இறுதிக் க்ரௌன்களைத் தற்காலிகத்தின் கடியிலிருந்தே நகலெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் சோதித்துக் கண்ட உயரம் தொலைந்துவிடும். ஒரு பக்கத்தை வெட்டும்போது மறுபக்கத் தற்காலிகம் உயரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் வாரம், ஒரு மாதம், ஆறு மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை அதே இரண்டு புள்ளிகளில் அளந்து அதே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். புள்ளி வைத்த இடத்தைப் போட்டோ எடுத்து ஷீட்டோடு வைத்தால், அடுத்த ஆண்டு வரும் புதுப் பயிற்சி டாக்டரும் அதே இடத்தில் அளப்பார். அந்த அம்மாவின் கடிப்பு உயரம், கூட்டிய அன்று 63. ஆறாம் மாதம் 62.5, ஓராண்டிலும் 62.5. ஷீட்டில் அடுத்த தேதிக்கான கட்டம் காலியாக இருக்கிறது.